மண்ணுக்குள் நின்ற கிண்ணம்

போன மாதம் இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்கு மேலே, காட்டோரப் பாதையில் சிறிய வெள்ளைக் காளான் ஒன்றைக் கண்டு அப்படியே குந்திவிட்டேன். குச்சியால் சுற்றிலும் மண்ணைக் கிளறினேன். குடைக்கு அடியில் வெள்ளை மடிப்புகள், தண்டில் தொங்கும் மெல்லிய வளையம், மண்ணுக்குள் உடைந்த முட்டை ஓடு போல ஒரு கிண்ணம். மூன்றும் சேர்ந்திருந்தால் எமன். இதைத் தெரிந்துகொள்ள எங்கள் குடும்பம் ஓர் அத்தையைக் கொடுத்தது.

அத்தை அப்பாவின் தங்கை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், அடுத்த காம்பராவில் இருந்தாள். தேயிலைத் தோட்டத்திலேயே வேகமான கை அவளுடையது. கொழுந்து கிள்ளிக் கிள்ளி அந்தக் கைக்கு வேறு பழக்கமே இல்லாமல் போயிற்று. கீரையையும் கிள்ளுவாள், காளானையும் கிள்ளுவாள். வேரோடு பிடுங்கினால் நாக்கில் மண் நெருநெருக்கும் என்பாள். ஒரு மழைநாளில் மலையிலிருந்து இறங்கும்போது கைப்பிடிக் காளான் கொண்டுவந்தாள்.

"இதப் பாருங்க மதினி, பாவாடை கட்டியிருக்கு!" என்று வளையத்தை அம்மாவிடம் காட்டிச் சிரித்தாள். மோந்து பார்த்தாள், பூச்சி இருக்கிறதா என்று பார்த்தாள். பார்க்க வேண்டிய கிண்ணமோ கிள்ளிய இடத்திலேயே மண்ணுக்குள் நின்றுவிட்டது. மாமாவுக்குக் காளான் பிடிக்காது, எங்களுக்குக் கொடுக்கப் போதவில்லை. அவள் மட்டும் சாப்பிட்டாள்.

விடிந்ததிலிருந்து வாந்தியும் பேதியும். மறுநாள் நின்றது. மாமா அவளைக் கைத்தாங்கலாகத் தோட்டத்து மருந்துக்காரரிடம் கூட்டிப்போய், "காளான் தின்னுருக்கா ஐயா, பெரியாஸ்பத்திரிக்கு ஒரு துண்டு எழுதிக் குடுங்க" என்று கெஞ்சினார்.

"காளான்னா நேத்தே போயிருப்பா. நல்லாத்தானே நிக்கிறா? காலையில பெரட்டுக்கு அனுப்பு."

அத்தையும் நம்பினாள். காலையில் ஆள் கணக்கெடுப்புக்குப் போய் நின்று, கூடையோடு மலை ஏறினாள். சாயங்காலம் கண்ணெல்லாம் மஞ்சள். அதன்பின் அவள் எழுந்திருக்கவே இல்லை.

அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த கையோடு மாமா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு காட்டோரம் போனார். கிள்ளிய தண்டுகளைத் தோண்டி, ஒரு கிண்ணத்தை இலையில் வைத்து மருந்துக்காரரின் மேசைமேல் வைத்தார்.

"இத இப்பக் கொண்டாந்து என்ன செய்ய?" என்றார் அவர். மேசையைத் துடைக்க ஆளைக் கூப்பிட்டார். அந்த மனிதர் அதே மேசையில் இருந்துதான் ஓய்வுபெற்றார். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

கிளறிய காளானை அடியோடு கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேன். கூடையோடு இறங்கி வந்த பெண் ஒருத்தி நின்று பார்த்தாள்.

"ஏன் சார் மண்ணோட புடுங்குனீங்க? கிள்ளியிருக்கலாமே" என்றாள்.

கூடையை இறக்கச் சொல்லி, கிண்ணத்தை அவளுக்குக் காட்டினேன்.