உட்கார்ந்து எடுத்த ரீடிங்

அந்த நாட்களில் எங்கே உட்கார்ந்தாலும் தூங்கிவிடுவேன். சிதம்பரத்தில் காலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் வெள்ளாற்றுப் பாலம் வரைதான் நினைவு இருக்கும். புதுச்சத்திரம் பாதிக் கனவு, ஆலப்பாக்கம் முழுக் கனவு. குடிகாடு நெருங்கும்போது ரசாயன நெடி மூக்கில் ஏறும், தானாக விழித்துக்கொள்வேன். ஒருநாளும் ஸ்டாப்பைத் தவறவிட்டதில்லை.

இரண்டாயிரத்து ஏழு, மார்ச் மாதம். எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது என்று இருந்தேன். குடிகாட்டு ரசாயனத் தொழிற்சாலையில் நான் ஒப்பந்த ஊழியர். மாதக் கடைசியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். முந்தைய வருடம் பேக்கிங்கில் இருந்த ஒரு பெண் விஷயத்தைச் சொன்னதும், "டெலிவரி முடிச்சிட்டு வாம்மா, பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். அவள் குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது. அவர்கள் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

எனக்கு வேலை, பிளான்ட்டிலிருந்து கழற்றிக் கொண்டுவரும் பிரஷர் கேஜ்கள் அழுத்தத்தைச் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பது. டெட் வெயிட் டெஸ்டர் என்ற எண்ணெய்க் கருவியில் கேஜை மாட்டி, எட்டு கிலோ அழுத்தம் வரும்படி எடைகளை வைத்தால், முள் எட்டில் நிற்க வேண்டும். எங்கே நிற்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். அவ்வளவுதான். எடை எண்ணெயின் மேல் மெல்லச் சுழல, முள் லேசாக நடுங்கி அடங்கும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்குக் கடலில் மிதப்பதுபோல இருக்கும்.

மாதத் தொடக்கத்தில் மேனேஜர் கூப்பிட்டார். "ஒரே கேஜை மூணு பேரு பாத்தா ஒரே நம்பர் வருமா? ஒருத்தரே மூணு தடவ பாத்தா வருமா? ஆடிட்ல கேப்பாங்க. நீ ஒரு பிளான் போடும்மா."

போட்டேன். எங்கள் சோதனை அறையில் என்னையும் சேர்த்து மூன்று பேர், பத்து கேஜ், வாரத்துக்கு ஒன்றாக மூன்று சுற்று. கேஜ் நம்பர்களின் மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். எதை முதலில் எடுப்பது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டேன். ஆளுக்கொரு நாள், தனியாகத்தான் உள்ளே போக வேண்டும். ஒருவர் தாளை இன்னொருவர் பார்க்கக் கூடாது. இப்படி எட்டு விதி எழுதி மாட்டினேன். பேனாவால்தான் எழுத வேண்டும், எழுதியதை அடிக்கவோ மறுபடி எடுக்கவோ கூடாது என்பது அதில் ஒன்று. அதை எங்கள் சீனியரை மனதில் வைத்தே எழுதினேன், சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். "நம்ம ரீடிங்கு என்னிக்கும் மாறாதும்மா" என்று பெருமை அடிப்பார். பென்சிலும் ரப்பரும் கையில் இருந்தால் யாருக்குத்தான் மாறும்? மூன்றாமவர் செம்மண்டலத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர், வாயே திறக்கமாட்டார்.

முதல் சுற்றில் நின்றுகொண்டே பத்தையும் முடித்தேன். இரண்டாம் சுற்றுக்குள் மயக்கம் வந்து சேர்ந்துவிட்டது. எண்ணெய் வாடை வயிற்றைப் புரட்டியது. மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எவ்வளவு சுகம்! முட்களெல்லாம் எனக்குமேலே எங்கோ மிதந்தன, நான் அண்ணாந்து பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது தூக்கம் பறந்துவிட்டது. பத்து கேஜிலும் அரைக்கோடு குறைவு. ஏன் என்று உடனே புரிந்தது. முள் தகட்டோடு ஒட்டியிருக்காது, கொஞ்சம் முன்னால் தள்ளி நிற்கும். எட்டு கிலோவில் அது வலப்பக்கம் கிட்டத்தட்டப் படுத்திருக்கும். கீழிருந்து பார்த்தால் கோட்டுக்கு மேலே தூக்கலாகத் தெரியும், எட்டை எட்டாததுபோல இருக்கும். நான் உட்கார்ந்ததைப் பத்து கேஜும் எழுதி வைத்துவிட்டன. அடிக்கவும் முடியாது, மறுபடி எடுக்கவும் முடியாது. அண்ணாவுக்கு வைத்த பொறியில் நானே மாட்டிக்கொண்டேன்.

ஏன் குறைந்தது என்று மேனேஜர் கேட்பார். உட்கார்ந்தேன் என்பேன். ஏன் உட்கார்ந்தாய் என்பார். எனக்குப் பொய் வராது, முகமே காட்டிக்கொடுத்துவிடும். பயத்தில் இரண்டு நாள் வீட்டுக்காரரிடம்கூட எரிந்து விழுந்தேன்.

மூன்றாம் சுற்றில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றே எடுக்கப் பார்த்தேன். முதல் கேஜை மாட்டும்போதே கண் இருட்டியது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணா நின்று, நான் ஸ்டூலை இழுப்பதைப் பார்த்துவிட்டுப் போனார். ஸ்டூலில் உட்கார்ந்து பத்தையும் எழுதினேன். அவருடைய முறை அடுத்த நாள்.

சனிக்கிழமை மூன்று பேர் தாளையும் சேர்த்துப் பார்த்தேன். செம்மண்டலத்துக்காரருக்கு மூன்று சுற்றும் ஒன்றுபோல. எனக்கு ஒன்று சரி, இரண்டு குறைவு. அண்ணாவுக்கு முதல் இரண்டும் அச்சடித்ததுபோல, மூன்றாவது மட்டும் பத்திலும் குறைவு. எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பெருமை அடித்துவிட்டு இப்படியா?

"என்னாண்ணா இது?" என்று தாளை நீட்டினேன்.

"கால் வலிம்மா. ரெண்டு நாளா ஜாஸ்தி. ஒக்காந்துதான் எடுத்தேன்" என்றார். "நின்னுதான் எடுக்கணும்னு ரூல்ல எங்க எழுதியிருக்க?"

எங்கேயும் எழுதவில்லை. பிளாஸ்திரி முதல் பேனா வரை யோசித்தவள், கண் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை மறந்திருந்தேன்.

மீட்டிங்கில் மேனேஜர் தாளைப் பார்த்துச் சிரித்தார். "என்னங்க, ஒங்க ரீடிங்கு மாறவே மாறாதுன்னு சொல்வீங்க?"

"வயசாவுது சார்" என்று அண்ணா தலையைச் சொறிந்தார். "ஆனா பாருங்க, ஒக்காந்தா ரெண்டு பேருக்கும் கொறயுது, நின்னா எல்லாருக்கும் ஒண்ணா வருது. தப்பு ஆளுங்க மேல இல்ல சார். கேஜ் மாட்டுற ஒயரந்தான்."

நீ ஏன் உட்கார்ந்தாய் என்ற கேள்விக்குக் காத்திருந்தேன். அது வரவேயில்லை. இரண்டு பேர் உட்கார்ந்த பிறகு அது வெறும் ஸ்டூலாகிவிட்டது. கேஜை உட்கார்ந்தவர் கண்ணுக்கு நேராக இறக்கி மாட்டுவது, இனி எல்லோரும் உட்கார்ந்தே எடுப்பது என்று முடிவானது. மாதக் கடைசியில் என் ஒப்பந்தமும் இன்னொரு வருடத்துக்குக் கையெழுத்தானது. அண்ணாவைத்தான் எல்லோரும் "கண்ணாடி போடுங்கண்ணா" என்று மாதக்கணக்கில் கிண்டல் செய்தார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஆனால் எனக்குப் புரிந்தது மீட்டிங் நடந்த அன்றைக்கே. மீட்டிங் நீண்டதால் வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினேன். குடிகாடு தாண்டி ரோட்டோரத் திடலில் வாலிபால் நடந்துகொண்டிருந்தது. மஞ்சள் வெயிலில் புழுதி பறந்தது. அரைக்கால் டவுசரோடு ஒருவர் ஓடிவந்து, வலைக்கு மேலே எம்பி, பந்தை ஓங்கி அடித்தார். அண்ணா. இறங்கிய வேகத்தில் மறுபடியும் எம்பினார்.

எழுந்து நின்று பார்ப்பதற்குள் பஸ் திடலைத் தாண்டிவிட்டது. என் எட்டு விதிகளையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றைக்கூட அவர் மீறவில்லை. எனக்கு அழுகை வந்தது. பக்கத்து சீட்டிலிருந்த ஓர் அம்மா என்னவென்று கேட்டபோது தலைவலி என்றேன். அன்றைக்குப் பாலம் வரும்வரை தூக்கமே வரவில்லை. முந்தானைக்குள் வயிற்றில் கையை வைத்து, அதோடு முதல்முதலாகப் பேசினேன்.

"ஒனக்காக ஒருத்தரு கீழ ஒக்காந்து பாத்திருக்காரு" என்றேன்.