கூட்டத்தில் சேராதது

நெல்டா ஒயார்சூன் வல்தீவியா நகரப் பேருந்து நிலையத்தில் பயணச்சீட்டு விற்றாள். சன்னலுக்கு வெளியே ஒருத்தன் வரிசை தாண்டினால் போதும், ஆற்றுக்கு அக்கரை வரை கேட்கும்படி கத்துவாள். வீட்டுக்கு வந்தாலும் அவளுக்கு வரிசை கட்டுகிற வேலைதான்.

நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து இணையத்தில் ஓர் உலகத்தைக் கட்டிக்கொண்டிருந்தோம். இல்லாத நாடுகள், இல்லாத ஆறுகள், இல்லாத உயிரினங்கள். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். நான் போர்களை எழுதுவேன். வாரத்துக்கு ஓர் அரசனைச் சாகடிப்பேன். நெல்டா பதினொரு வருடத்தில் ஒரு பூச்சியைக்கூடப் படைத்ததில்லை. மற்றவர்கள் படைத்ததை இனம் பிரித்து, இனத்துக்கு ஒரு முகப்புப் பக்கம் வைத்து, அதில் ஒவ்வோர் உயிருக்கும் ஒரு வரி எழுதுவாள். பறப்பவை, நீந்துபவை, பிணம் தின்பவை. மூன்று உயிராவது இருந்தால்தான் இனம். எந்த இனத்திலும் சேராதது முப்பது நாளில் தானாக அழிந்துபோகும். இரண்டும் அவள் போட்ட விதிகள்.

எங்களில் ஒருவனான அலிரோ நவெல்பான் கடலில் மூழ்கி மட்டிச் சிப்பி எடுப்பவன். அவன் ‘வாசலில் நிற்பது’ என்று ஒன்றை எழுதினான். அது கதவைத் தட்டாது. உள்ளே வா என்று யாராவது சொன்னால் நிம்மதியாகப் போய்விடும்.

சனிக்கிழமை என் வீட்டில் கூடியபோது நெல்டா அவனைப் பிடித்துக்கொண்டாள்.

“இதை எதுல சேக்கறது? பறக்குதா, நீந்துதா?”

“நிக்குதுக்கா. அவ்வளவுதான்.”

“ஒத்தைக்கு ஒரு இனமா? இன்னும் ரெண்டு எழுதிட்டு வா. அதுவரைக்கும் வெளியவே நிக்கட்டும்.”

“உங்களுக்குக் கல்நெஞ்சுக்கா,” என்று சிரித்தான்.

அடுத்த வாரம் இரண்டாவதை எழுதினான்: காலி நாற்காலியில் உட்கார்ந்து அது சில்லிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை மூழ்கியவன் மேலே வரவில்லை. மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது.

அடக்கம் முடிந்தபோது, வாசலில் நிற்பதன் முப்பது நாளில் ஒரு வாரம் மிச்சமிருந்தது. அவன் கடைசியாக எழுதியவை அந்த இரண்டும்தான்.

“விதியைத் தூக்கிப் போடு. நீ வெச்ச விதிதானே?” என்றேன்.

“அவன் உசுரோட கேட்டப்ப தூக்கல. இப்பத் தூக்கினா, அன்னிக்கு ஏன் தூக்கலைன்னு நான் யாருக்குப் பதில் சொல்றது?”

“அப்ப மூணாவதை நானே எழுதித் தள்றேன்.”

“நீ எழுதினா அதுக்கும் ஒரு வாளைக் குடுப்ப.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. செத்தவன் எழுத்தைவிட இவளுக்கு வரிசை பெரிதா என்று திட்டிவிட்டு வந்தேன்.

கடைசி நாள் சாயங்காலம் அவளே எழுதினாள். ‘உள்ளே இருப்பது. வாசலில் நிற்பதை அது பார்த்துவிட்டது. ஆனாலும் கதவைத் திறக்காது.’ மூன்றும் சேர்ந்து இனமாயின. அலிரோவின் இரண்டும் தப்பின.

ஜூலை மாதம், நடுக்குளிர்காலத்தின் விடாத மழையில் அவள் வீட்டுக்குப் போனேன். வாசல் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. அடுப்பில் விறகு வீணாக எரிய, கூடமெல்லாம் தண்ணீர்.

“பைத்தியமா உனக்கு? கதவைச் சாத்து.”

“உள்ள வான்னு சொல்லிட்டேன்,” என்றாள். “தினமும் சொல்றேன்.”

“சொன்னாப் போயிடும்னுதானே அவன் எழுதினான்?”

நெல்டா என் தோளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள்.

“போகலையே. நனைஞ்சுக்கிட்டே நிக்குது.”

நான் திரும்பிப் பார்க்கவில்லை.