ஃப்ரிட்ஜின் முதுகு

பக்கத்து வீட்டுக்காரரே, உங்கள் அறையின் சூட்டைப் படுக்கையில் கிடக்கும் என் அம்மாவின் தலைமாட்டில் கொட்டுகிறீர்கள். உங்கள் ஏசியின் வெளிப்பெட்டி எங்கள் ஜன்னலைப் பார்த்து ஊதுகிறது.

அது ஊதும் காற்றின் சுட்ட தூசி வாசனை எனக்குப் பழக்கம். சாந்தோமில் எங்கள் ஒற்றை அறைக்கு முதல் ஃப்ரிட்ஜ் வந்த மே மாதம், அப்பா அதன் கதவைத் திறந்துவைத்து, சட்டையில்லாமல் முன்னால் உட்கார்ந்தார்.

"நம்ம வூட்லயும் ஏசி கீது பாரு!"

சற்று நேரத்தில் அறை முன்னைவிடப் புழுங்கியது. அம்மா, அதே வாசனையடித்த ஃப்ரிட்ஜின் முதுகில் கைவைத்துப் பார்த்தாள்.

"யோவ், இங்க கீற சூட்டத் தூக்கி அங்க கொட்டுது, அவ்ளோதான். கதவ மூடுயா!"

நேற்று மதியம் அரைத்தூக்கத்தில், என்றோ செத்துப்போன அப்பாவிடம் மறுபடி சொன்னாள்: "கதவ மூடுயா."

பெட்டியை எப்போது திருப்புவீர்கள்? ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூட்டத்தில், எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்.