அடிபம்புத் தண்ணீரில் குளித்த வண்டி

எங்கள் அப்பா என்னைவிட அதிகமாகக் குளிப்பாட்டியது வண்டியைத்தான். வெள்ளை அம்பாசிடர். ராயபுரம் பக்கம் மாதா கோயிலில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை பெண்ணை ஏற்றிக்கொண்டு போக அதைக் கூப்பிடுவார்கள். மற்ற நாட்களில் சும்மா வாடகைக்கு ஓடும். அப்பா, அம்மா, நான், எங்களோடு இருந்த அம்மாவின் தம்பி, எல்லோரும் அதை நம்பித்தான் சாப்பிட்டோம்.

திருவொற்றியூரில் கடலுக்குப் பக்கத்திலேயே வீடு. ஜன்னல் கம்பி, சைக்கிள், கதவுக் கொக்கி, எதை வைத்தாலும் துரு பிடிக்கும். கடலிலிருந்து வரும் அந்த உப்புக் காற்றின் மேல் அப்பாவுக்குத் தனிப் பகை. காலையில் எழுந்ததும் அடிபம்பில் தண்ணீர் அடித்து, வண்டிக்கு மேலும் கீழும் வாரி ஊற்றுவார். உள்ளே போட்டிருக்கும் ரப்பர் விரிப்பைக் கழுவி ஈரத்தோடு மறுபடி விரிப்பார். ஞாயிற்றுக்கிழமை பழைய பனியனில் டப்பா மெழுகைத் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். மெழுகு போட்டால் துரு அண்டாது என்பது அவர் நம்பிக்கை.

“இன்னா மச்சான், கல்யாணம் வண்டிக்கா, அதுல போறவனுக்கா?” என்பார் மாமா.

“நீ குளிச்சி எத்தினி நாளாச்சு, அத்த சொல்லு மொதல்ல” என்பார் அப்பா.

அம்மா அந்தப் பம்புத் தண்ணீரில் பருப்பு போட மாட்டாள், வேகாது. வாயில் வைத்தால் கரிக்கும். குடிக்க, சமைக்க லாரித் தண்ணீர்தான். அதற்குக் குடத்தோடு நின்று சண்டை போட வேண்டும். மனுஷனுக்கே கிடைக்காத நல்ல தண்ணீரை இரும்புக்கு ஊற்ற யாருக்கு மனசு வரும்? உப்புக் காற்றுக்குப் பயந்து உப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தோம். எங்கள் தெருவில் வண்டி வைத்திருந்த எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

அந்த வருஷம் எஃப்.சி. வந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து, ஓடலாம் என்று சொன்னால்தான் வண்டியை வாடகைக்கு எடுக்க முடியும். நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். மின்விசிறி கழன்று தலையில் விழும், அப்பா கன்டெய்னர் லாரியில் மாட்டிக்கொள்வார் என்று ராப்பகலாகப் பயப்படுகிற பெண். அந்த வாரம் என் பயமெல்லாம் ஹாரன் மேல். சில நேரம் அழுத்தினால் கத்தாது. அது அடித்துவிட வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். எனக்குப் பள்ளிக்கூடம் லீவு என்பதால் அப்பா என்னையும் கூட்டிப் போனார்.

ஹாரன் நன்றாகவே அடித்தது.

இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்தார். பானெட்டில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துத் தலையைக் கோதிக்கொண்டார். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அதற்குப் பிறகுதான் இன்ஸ்பெக்டர் பின்கதவைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, ஸ்க்ரூடிரைவரால் ஒரு தட்டுத் தட்டினார். சத்தம் வரவில்லை. அது பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. உருவியபோது தகடு நனைந்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. ஓட்டை வழியாக மண்தரை தெரிந்தது.

“டெய்லி கழுவுறேன் சார். வாராவாரம் மெழுகு போடுறேன்.”

“மேல போட்டே. கீழ யாரு போடுறது? எந்தத் தண்ணில கழுவுறே?”

அப்பா குனிந்து, உதிர்ந்த தகட்டைப் பொறுக்கினார்.

“வெல்டிங் அடிச்சி எட்த்தாந்துர்றேன் சார்.”

“எதுமேல அடிப்பே? பத்த வெக்க இரும்பு வேணாமா? இதுல ஒரு கல்யாணப் பொண்ண ஏத்துவியாப்பா நீ?”

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம். சாவு வீட்டில் பேசுவது போல மெல்லப் பேசினார்.

வண்டி பிறகு சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டுக்குப் பழைய இரும்பாக எடைக்குப் போனது. அடுத்த ஜூனில் தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், நான் போகவில்லை. அப்பா வேறொருவர் லாரியில் கிளீனராக ஏறினார். இன்றைக்கும் யார் வீட்டில் பளபளவென்று எதைப் பார்த்தாலும் எனக்கு அதன் அடியில் குனிந்து பார்க்கத் தோன்றும். நம் வீட்டில் எது எங்கே உதிர்ந்துகொண்டிருக்கிறதோ என்று பயம் வந்துவிடும்.

ஆனால் அன்றைக்கு எனக்கு ஒரு கவலையும் இல்லை. திரும்பும்போது பின்சீட்டில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, அந்த ஓட்டை வழியே தலையைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். தார், மணல், நசுங்கிய பாட்டில் மூடி, வெள்ளைக் கோடு.

“ப்பா, ரோடு ஓடுதுப்பா.”

“உம்.”

எங்கள் தெருவுக்குத் திரும்புகிற இடம் வந்தது. அவர் திரும்பவில்லை. நேரே எண்ணூர்ப் பக்கம், பின்னால் வந்த லாரிக்காரர்கள் திட்டத் திட்ட, மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார். நான் நன்றாக வேடிக்கை பார்க்கட்டும் என்றுதான் மெதுவாகப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டு வாசலில் அம்மா நின்றுகொண்டிருப்பாள் என்பதோ, அவளிடம் சொல்ல அவருக்கு ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை என்பதோ எனக்கு எங்கே தெரியும்?

“இன்னும் கொஞ்ச தூரம் போலாம்ப்பா” என்றேன்.

போனார்.