இணைச்சீருக்கு அமராத அக்கா

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்கள், நண்பர்கள் அனைவருக்கும் தம்பியின் வணக்கம். நல்லதை மட்டும் எழுதச் சொன்னார்கள். அக்காவைப் பற்றி எழுத நல்லது மட்டும்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் என்னைப் பற்றியது.

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர், என்னைவிட ஐந்து வயது மூத்தவர். பத்தொன்பது வயதில் ராசிபுரம் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனார். மூன்றாம் வருடமே, லாரி ஓட்டிக்கொண்டிருந்த மாமா விபத்தில் போய்விட்டார். குழந்தை இல்லை. பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து, படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவையும் குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளிக் காட்டையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அம்மா முன்பே காலமாகிவிட்டதால் எனக்குச் சோறு போட்டுப் படிக்க அனுப்பியதும் அவர்தான்.

அவர் அழுது நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஒருமுறை கேட்டே விட்டேன்.

“அழுகறதுன்னா காட்டுக்குப் போயி அழுதுட்டு வந்துருவேன் சாமி. மாட்டு முன்னால அழுதா அது தீனி எடுக்காது” என்றார். நான் சிரித்தேன். எனக்கு அப்போது அவ்வளவுதான் புத்தி.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள்தான் இணைச்சீர்காரி. மாப்பிள்ளைக்கு இணையாக அமர்ந்து சீர் பெறும் உரிமை அவளுடையது. மாமா இறந்த துக்கத்தில் அக்கா இருந்தபோது, “என் கல்யாணத்துக்கு நீதான் இணைச்சீர்காரி” என்று நானாகவே வாக்குக் கொடுத்திருந்தேன். கல்யாணத்தன்று அவர் புதுச்சேலை கட்டி வந்து நின்றார். பெரியவர் ஒருவர் சத்தமாகவே சொன்னார்: “தாலியறுத்தவ உக்காரக் கூடாதுங்க. பங்காளி ஊட்டுப் புள்ளையக் கூப்புடுங்க.”

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

“அதுக்கென்னங்க, நான் சமையக்கட்டப் பாத்துக்கறேன்” என்று அக்கா போய்விட்டார். பந்தியில் எனக்கு அவரே பரிமாறினார். கோபமா என்று மெதுவாகக் கேட்டேன். “உம்மேல என்னத்துக்குச் சாமி கோவம்? நீ பயந்தாங்கொள்ளின்னு எனக்குத் தெரியாதா?” என்றார். கேலி என்று நினைத்துக்கொண்டேன். என்னை நான் அறிவதற்கு வெகுகாலம் முன்பே அவர் அறிந்து வைத்திருந்தார்.

என் மகன் கல்யாணத்திலும் அதே பேச்சு வந்தது. கணவரைப் பிரிந்து வந்திருந்த என் மகள் உட்காரக் கூடாதாம். பெற்ற மகள்! அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. பந்தி வேலையிலிருந்த அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“கூடப் பொறந்தவ இவ. இவ உக்காராம வேற ஆரு உக்காருவா? அன்னைக்கு நானு எந்திரிச்சுப் போனேன். இவ போகமாட்டா.”

மகள் அமர்ந்தாள். இரண்டே வார்த்தையில் முடிகிற காரியத்துக்கா நான் அன்று பயந்தேன் என்று வெட்கமாக இருந்தது.

கடைசி இரண்டு மாதம் அக்கா அஸ்தம்பட்டியில் என் மகள் வீட்டில் இருந்தார். வயிற்றில் புற்றுநோய். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து மழையைப் பற்றியும் கிழங்கு அறுவடையைப் பற்றியும் பேசுவேன். ஒருநாள் துணிந்து, “அக்கா, என் கல்யாணத்தன்னைக்கு...” என்று ஆரம்பித்தேன்.

“சாப்ட்டியா சாமி?” என்றார்.

பேச்சை மாற்ற வழி கிடைத்ததே என்று, “சாப்பிட்டேன்” என்றேன். அடுத்த வாரம் அவர் இல்லை.

கடைசிவரை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், நேரம் பார்க்காமல் ஆட்டோ கொண்டுவந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது.

அச்சுக்குப் போகுமுன் சொந்தத்தில் இரண்டு பேர் இதைப் படித்துவிட்டு, கல்யாண விஷயத்தை எடுத்துவிடச் சொன்னார்கள். நாலு பேர் மனம் நோகுமாம். முடியாது என்று சொல்லிவிட்டேன். அறுபத்தாறு வயதில் சொந்தக்காரர்களிடம் நான் முடியாது என்று சொன்னது இதுதான் முதல்முறை. அதைக் கேட்க அக்கா இல்லை.