பேர் வராத புத்தகம்

தெருவே அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடும். கோபித்துக்கொள்ள மாட்டாள். லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். நீராவி இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய வாய், வீட்டுக்கு வந்தாலும் அடங்காது. அந்த வாய்க்கு ஒரு வார்த்தை இல்லாமல் பொழுதே போகாது. பால் பொங்கினால் கர்த்தரே. பஸ் நிற்காமல் போனால் கர்த்தரே. சட்டைக் காலர் படியாமல் முரண்டு பிடித்தால்கூட, "கர்த்தரே, இதை நீரே பார்த்துக்கொள்ளும்" என்று ஒரு விண்ணப்பம் போடுவாள். காலரைப் படிய வைக்கத்தான் அவர் மேலே உட்கார்ந்திருக்கிறார் போல.

அப்படிப்பட்டவளிடம் போய், இனிமேல் இந்த வீட்டில் அந்தப் பேரை எடுக்காதே என்று சொன்னால் எப்படி இருக்கும்? சொன்னது வேறு யாருமில்லை, கட்டின புருஷன்.

அவர் லிப்ட் மெக்கானிக். லிப்டுக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் இறங்கி வேலை பார்க்கும்போது, மேலே நின்ற பெட்டி நழுவி இறங்கி அவருடைய வலது கையைச் சுவரோடு நசுக்கிவிட்டது. இரண்டு விரல் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவள் ஜெபம் பண்ணக் கட்டில் ஓரமாக முழங்கால் போட்டதுதான் தாமதம், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பள்ளத்துக்குள்ள கிடந்து தொண்டை கிழியக் கூப்பிட்டேன். வரல. இனிமே இந்த வீட்ல அந்தப் பேரு கேட்டுச்சுன்னா, நான் எழுந்து போயிட்டே இருப்பேன்."

சொன்னால் செய்கிற மனுஷன். கர்த்தரையும் விட முடியாது, இவரையும் விட முடியாது. அன்றிலிருந்து பால் பொங்கினால் "கர்" என்று ஆரம்பித்து, இருமலாக முடித்துவிடுவாள். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரி வெந்நீர் குடிக்கச் சொன்னாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்!

இருமலைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். கல்யாணமான நாள் முதல் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து வேதம் வாசித்த வீடு அது. இப்போது அவர் விட்டத்தைப் பார்த்தபடி படுத்தே கிடந்தார். கூடவே இருந்தும் அந்த மனுஷன் கை நழுவிப் போகிறார் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அப்போதுதான் எப்போதோ பிரசங்கத்தில் கேட்டது ஞாபகம் வந்தது. வேதத்தில் ஒரு சின்னப் புத்தகம் இருக்கிறதாம், அதில் கடவுள் பேர் ஒரு இடத்தில்கூட வராதாம். லீவு நாள் மத்தியானம் அதைத் திறந்துகொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சும்மா கதைதாங்க. அந்தப் பேரு வராது."

"வேதத்துலயா? யாருக்குக் காது குத்துற?"

அவள் பாட்டுக்கு வாசித்தாள். அநாதைப் பெண் ஒருத்தி ராணியாகிறாள். அவளுடைய ஜனங்களையே அழிக்க மந்திரி ஒருவன் கங்கணம் கட்டிக்கொண்டு அலைகிறான். மெல்ல அவர் முகம் இந்தப் பக்கம் திரும்பியது. அவளுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. வாய் சும்மா இருக்குமா? "கர்த்தருடைய கிருபையால் ராஜா அவளுக்குத் தயவு காட்டி" என்று வாசித்துவிட்டாள்.

அவர் விசுக்கென்று எழுந்து உட்கார்ந்தார். "வந்துச்சு பாத்தியா?"

"ஐயோ, அது என் வாய்ங்க. புத்தகத்துல இல்ல."

"குடு இங்க."

பிடுங்காத குறையாக வாங்கினார். மூக்குக் கண்ணாடியை மாட்டி, இடது கட்டைவிரலை வரிக்கு வரி வைத்து நகர்த்தினார். லிப்ட் கயிற்றில் அறுந்த இழை தேடுகிற அதே முகம். அவள் அடுப்படிக்குப் போய் நின்றாள். பிரசங்கத்தில் கேட்டதுதானே, தானே ஒரு நாளும் சரிபார்த்தது இல்லையே. ஒரே ஒரு இடத்தில் இருந்தாலும் போதும், அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

வெயில் இறங்கும்போது கூப்பிட்டார். "வரல. கடைசி வரைக்கும் வரல."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஆனா ஒண்ணு இடிக்குது," என்றார். "ராணியை வளர்த்தவரைத் தூக்குல போட அந்த மந்திரி உத்தரவு கேட்க வர்றதுக்கு முந்தின ராத்திரி பாத்து ராஜாவுக்குத் தூக்கம் வரல. ஏன் வரலன்னு எழுதல. ஆனா அங்கேருந்துதான் எல்லாமே மாறுது. நடு மாடியில லிப்ட் நின்னா, எவனோ பட்டனை அமுக்கியிருக்கான்னுதானே அர்த்தம்?"

பதில் அவள் நாக்கு நுனியில் நின்றது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அவர் புத்தகத்தை மூடி மடியில் வைத்தார். அப்புறம் சொன்னார்: "உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். அன்னைக்கு லீவு நாள், பில்டிங்ல ஆளே இல்ல. மாடியில வேலை பாக்குற பொண்ணு ஒண்ணு, மேஜையில சாவியை விட்டுட்டுப் போயி, எடுக்கத் திரும்பி வந்துச்சு. அதுதான் என் சத்தம் கேட்டு ஆளைக் கூப்பிட்டுச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப, 'நான் சாவியை மறக்குற ஆளே இல்லண்ணா, இதுதான் முதல் தடவை'ன்னு சொல்லிட்டுப் போச்சு. இதைச் சொன்னா நீ உடனே அந்தப் பேரைச் சொல்லுவ. அதனாலதான் சொல்லல."

அவள் கட்டில் ஓரமாக வந்து உட்கார்ந்தாள்.

"விரல் போனது போனதுதான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரல. ஆனா நீ சொல்லு. அந்தப் பொண்ணை அனுப்பினது யாரு?"

ரேடியோ வாயைத் திறந்தாள். இத்தனை நாள் விழுங்கி விழுங்கி வைத்த வார்த்தை, இப்போது கேட்டும் வெளியே வரவில்லை. அழுகைதான் வந்தது. தோள் குலுங்க அழுதாள்.

"சரி, அழாத," என்றார் அவர். "கூப்பிட்டவன் நான்தானே. நானே சொல்றேன்."

மூன்று விரல் கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கோபம் தீராத அதே குரலில் சொன்னார்: "கர்த்தரே."