திருச்சுழிக்குத் தெற்கே ஒரு பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டம்

1945, ஆனி மாதம். அருப்புக்கோட்டையில் ஏழு மணி பஸ் எட்டரைக்குத்தான் கிளம்பியது. யுத்தத்தால் பெட்ரோல் கிடையாது. கரி அடுப்பின் புகையில் ஓடும் வண்டி. எப்போது போய்ச் சேரும் என்று கேட்டேன். அவசரமென்றால் இறங்கித் தள்ளலாமே என்றார் டிரைவர். பத்து மைலுக்கு நாலணா கொடுத்து, இரண்டு இடத்தில் தள்ளியும் விட்டேன்.

சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. எனக்கு வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், வயிற்றுப்பாட்டுக்குப் பிரெஞ்சு. புதுச்சேரியில் ஒரு சரக்குக் கிடங்கில் குமாஸ்தா. திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கிராமத்து மாதா கோவிலில் இருக்கும் பிரெஞ்சுச் சாமியாருக்கு அவர் தங்கை எழுதிய கடிதம் அது. கப்பலில் வந்த ஒருவர், ஊருக்குப் போகிற என்னிடம் கொடுத்தனுப்பினார். ஐந்து வருஷமாகச் சாமியாருக்கு வீட்டிலிருந்து ஒரு வரி கிடையாது என்று கேள்விப்பட்டபோது, தபாலில் போட எனக்கு மனம் வரவில்லை.

பத்தரை மணிக்குத் திருச்சுழி. வருவதாக முன்பே கார்டு போட்டிருந்ததால் சாமியாரின் தோட்டக்காரர் முத்தையா காத்திருந்தார். அங்கிருந்து இரண்டு மைல் நடை. கரிசலில் பருத்தி எடுத்து முடிந்து, மார் என்கிற வெறுஞ்செடிகளையும் விறகுக்குப் பிடுங்கியிருந்தார்கள். சாமியார் திராட்சை வளர்ப்பதாகக் கடிதம் கொடுத்தவர் சொல்லியிருந்தார்; தோட்டத்தில் திராட்சை எப்படி என்று சும்மா கேட்டு வைத்தேன். மனிதர் நின்றுவிட்டார்.

நடந்தது இதுதான். கொடிகளைக் கவாத்து செய்து மொட்டையாக விட்டுவிட்டுச் சாமியார் பத்து நாள் கொடைக்கானல் போயிருக்கிறார். முத்தையா புதிதாகச் சேர்ந்தவர்; திராட்சையைக் கண்டறியாதவர். மகசூல் முடிந்த மார் என்று நினைத்து, மண்வெட்டியால் வேரோடு கிளப்பி, காயவைத்து, அடுப்பெரித்துவிட்டார்.

"எங்க காட்டுல மாரைப் புடுங்காம விட்டா சோம்பேறின்னு ஏசுவாகய்யா. சாமி ஒரு வார்த்தை வையல. அவுக ஊருக்கு எழுதி வேற குச்சி வாங்கிக்கிடலாம்னாக."

பதினோரு மணிக்குச் சாமியாரைப் பார்த்தேன். அறுபது வயதிருக்கும். கடிதத்தை முகர்ந்து பார்த்துவிட்டுப் பிரித்தார். இரண்டு தரம் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். பின்வாங்கிய ஜெர்மன் படை ஆற்றங்கரையில் பதுங்கு குழி வெட்டியதில் பழைய கொடிகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அப்பா உன்னிடம் கொடுத்தவைதான் இனி விதை. குச்சிகள் அனுப்பு என்று எழுதியிருந்தாள் தங்கை. வெந்த புண்ணில் வேல் என்பார்கள். அந்த வேலை நான் பஸ்ஸைத் தள்ளிக்கொண்டு வந்து கொடுத்திருக்கிறேன்.

பிற்பகலில், தன் தோட்டத்துத் திராட்சையில் செய்து பூசைக்கு வைத்திருந்த ரசத்தில் இரண்டு தம்ளர் ஊற்றினார். தாய்மொழியில் பேச ஆள் கிடைத்த மனிதர், நிறுத்தவே இல்லை. போர்தோவுக்கு வடக்கே, ஆற்றங்கரையில் அவர்கள் தோட்டம். கொள்ளுப்பாட்டனார் கல் பொறுக்கி உண்டாக்கியது. தாத்தா காலத்தில் வேரைத் தின்னும் ஒரு பூச்சி வந்து நாடு முழுக்கத் திராட்சையெல்லாம் அழிந்தபோது, மணலில் நின்ற ஏழு வரிசை மட்டும் தப்பியது. அதிலிருந்து பன்னிரண்டு குச்சிகளை ஈரச்சாக்கில் சுற்றிக் கப்பலேறும்போது அப்பா கொடுத்திருக்கிறார்.

குடித்துப் பார்த்தேன். முதலில் புளிப்பு, பிறகு துவர்ப்பு, கடைசியில் நாவற்பழ வாசம். அங்கே விளைவது இன்னும் இளகியிருக்கும் என்றார். இளகியிருக்கும் என்று சொல்லிவிட்டு, இருந்தது என்று திருத்திக்கொண்டார். முப்பது வருஷமாகத் திரும்பிப் போகாத ஊர் அது. புதுச்சேரியிலிருந்து வருஷத்துக்கு ஒருதரம் வந்து போகிற எனக்கே ஊர் ஏக்கம் உண்டு. அவர் முகத்தைப் பார்க்கத் தாளவில்லை.

மறுநாள் காலை பதில் கடிதத்தை ஒட்டாமலே கொடுத்து, படித்துப் பார்க்கலாம் என்றார். திருச்சுழி வரை முத்தையா வழியனுப்ப வந்தார். தூரத்தில் பஸ்ஸின் புகை தெரிந்ததும் கேட்டார்.

"சாமி என்ன எழுதியிருக்காக?"

படித்துச் சொன்னேன். இந்த ஊரில் மழை பெய்யவில்லை, தண்ணீரில்லாமல் கொடிகள் காய்ந்துவிட்டன, யார் மேலும் குற்றமில்லை என்று இருந்தது.

முத்தையா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போன ஐப்பசியில எங்க கம்மா மழைத்தண்ணில நெறஞ்சு கரை ஒடையப் பாத்துச்சேய்யா" என்றார்.